தாய்லாந்தில் ஓய்வுகால விசா: ஐம்பது வயது ஆனவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மகளும் பேரனும் பாங்காக்கில் இருக்கிறார்கள். என் கணவர் வேலையை விட்டதும் அவர்கள் பக்கத்திலேயே போய் இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். அவருக்கு விசா கையில் கிடைக்கப் பதினோரு மாதம் ஆனது. தேதிகளைச் சரியாகப் போட்டிருந்தால் நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் நான், காகிதங்கள் எனக்குப் புதிதில்லை. எங்களை அலைக்கழித்தது காகிதம் அல்ல, நாள் கணக்கு. நீங்களும் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். விதிகள் மாறும், ஒவ்வொரு இமிகிரேஷன் அலுவலகத்துக்கும் தனி வழக்கங்களும் உண்டு. கிளம்பும் முன் சென்னையில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள்

தாய்லாந்தில் ஓய்வுகால விசாவுக்குக் குறைந்தபட்ச வயது 50. விண்ணப்பம் கொடுக்கும் அன்றே 50 முடிந்திருக்க வேண்டும். "அடுத்த மாதம் ஐம்பது ஆகிவிடும்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. மேல் வயதுக்கு வரம்பு கிடையாது.

நம் தலைமுறையில் பலருக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஜாதகத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்றால் கூட்டிப் போட்டிருப்பார்கள். பிற்காலத்தில் சர்வீஸ் கூடக் கிடைக்கட்டும் என்று சிலருக்குக் குறைத்துப் போட்டிருப்பார்கள். என் கணவருக்கு இரண்டாவது கதை. தை மாதம் ஐம்பது முடிந்தது என்று கோயிலில் அர்ச்சனை செய்து, டிக்கெட்டும் பார்த்துவிட்டோம். பாஸ்போர்ட்டில் ஜூன் மாதம்தான் ஐம்பது முடிகிறது என்பது ஆன்லைன் படிவத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது. ஐந்து மாதம் அங்கேயே போனது.

தாய்லாந்து அதிகாரிக்கு உங்கள் வயது பாஸ்போர்ட்டில் இருக்கும் வயதுதான். ஆதார், பான், பென்ஷன் புத்தகம், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அதே தேதி இருக்கிறதா என்று ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் சரிபாருங்கள். ஆதாரில் வருடம் மட்டும் இருந்தாலும் முழுத் தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் தேதியை மாற்றுவது பெரிய வேலை. மற்ற ஆவணங்களைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி திருத்துவது சுலபம்.

ஐம்பது ஆகாதவர்கள் வேறு நாடு பார்க்கலாம். மலேசியாவின் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டத்தில் 2024 விதிப்படி 25 வயதே போதும், ஆனால் வைப்புத் தொகை பல மடங்கு அதிகம். இலங்கையின் 'மை ட்ரீம் ஹோம்' விசாவுக்கு 55 ஆகியிருக்க வேண்டும். மொரீஷியஸில் ஓய்வு பெற்றவர்களுக்கான அனுமதிக்கு 50. பிலிப்பைன்ஸ் இந்த வயதை அடிக்கடி ஏற்றி இறக்கும் நாடு, அதனால் பழைய கட்டுரைகளை நம்பிப் போகாதீர்கள்.

2. 'ஓ' வேண்டுமா, 'ஓ-ஏ' வேண்டுமா?

ஓய்வுகால விசா என்று பொதுவாகச் சொன்னாலும் வழி ஒன்றல்ல.

'நான்-இமிகிரன்ட் ஓ' என்பது முதலில் 90 நாள் தரும். அந்த 90 நாளுக்குள் அங்குள்ள இமிகிரேஷன் அலுவலகத்தில் ஒரு வருட நீட்டிப்பு வாங்க வேண்டும். பிறகு வருடா வருடம் நீட்டித்துக்கொண்டே போகலாம். காட்ட வேண்டிய பணம் தாய்லாந்து வங்கியில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம் இல்லை.

'ஓ-ஏ' விசாவைச் சொந்த நாட்டிலிருந்தே எடுக்கிறோம். கையில் வரும்போதே ஒரு வருடம். பணம் இந்திய வங்கியில் இருந்தாலும் போதும். ஆனால் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், 30 லட்சம் பாத் (தாய்லாந்துப் பணம்) அளவுக்கு மருத்துவக் காப்பீடு மூன்றும் வேண்டும். போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா மூலம் 500 ரூபாய்க்கு வாங்கிவிடலாம். மருத்துவச் சான்றிதழில் காசநோய், தொழுநோய், யானைக்கால், போதைப் பழக்கம், முற்றிய சிபிலிஸ் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். சிக்கல் காப்பீட்டில்தான். பின்னால் நீட்டிக்கும்போதும் அது தொடர்ந்து இருக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கும் அந்தத் தொகைக்குப் பாலிசி கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பிரீமியம் தாங்காது.

வங்கியில் 8 லட்சம் பாத் போட்டு வைக்க முடியும் என்றால் 'ஓ'தான் நல்லது என்பது என் கருத்து. கட்டாயம் இல்லை என்பதற்காகக் காப்பீடே இல்லாமல் இருந்துவிடாதீர்கள். தனியார் மருத்துவமனைச் செலவு இங்கே நம்மூரைவிட அதிகம்.

வசதி மிகுந்தவர்களுக்கு எல்.டி.ஆர். என்ற பத்து வருட நீண்டகால விசா ஒன்றும் இருக்கிறது. அதற்கும் வயது 50தான், ஆனால் பொதுவாக வருடத்துக்கு 80,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும். கீழே வருவதெல்லாம் 'ஓ' வழி.

3. இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

தேதிக்கு அடுத்தபடி நம்மவர்கள் தடுமாறும் இடம் இது. பென்ஷன் உத்தரவில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து இன்னொரு பெயர், வங்கிக் கணக்கில் இனிஷியல் கடைசியில். நமக்கு மூன்றும் ஒரே ஆள். தாய்லாந்து வங்கி ஊழியருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் ஆன்லைன் படிவமே தகராறு செய்யும்.

பணம் அனுப்பும் இந்திய வங்கிக் கணக்கில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். மாற்ற முடியாத பழைய ஆவணங்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் காலாவதி ஆக இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி நீட்டிப்பு தர மாட்டார்கள்.

4. 8 லட்சம் பாத்தைக் கணக்குப் போட்டு அனுப்புங்கள்

மூன்று வழிகளில் ஒன்றைக் காட்ட வேண்டும்: தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாத், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், அல்லது இருப்பும் வருட வருமானமும் சேர்ந்து 8,00,000 பாத். நம்மூர்ப் பென்ஷன் பெரும்பாலும் மாதம் 65,000 பாத் அளவுக்கு வராது. அதனால் முதல் வழியைத்தான் நம்மவர்கள் எடுக்கிறார்கள். ஒரு பாத் இரண்டரை ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டால், 20 லட்சத்திலிருந்து 24 லட்சம் ரூபாய் வரை ஆகும்.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்த வரம்பு நம்மைத் தொடாது. டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) தொடும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டி இப்படி அனுப்பினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்துக்கொள்ளும். 22 லட்சம் அனுப்பினால் 2,40,000 ரூபாய் முடங்கும். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு பகுதியை மார்ச் மாதத்திலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டாகிவிடும், பிடித்தம் பெருமளவு குறையும். உங்கள் பயணத்தை இதை வைத்தே திட்டமிடலாம்.

நிரந்தரமாக வெளியே போனபின் நீங்கள் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆகிவிடுவீர்கள். சேமிப்புக் கணக்கை, அவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பணம் அனுப்பும் விதிகளும் அதோடு மாறும். எப்போது எந்த நிலையில் அனுப்புவது என்று கிளம்பும் முன் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பது தாய்லாந்து வங்கிப் பாஸ்புக்கில் தெரிய வேண்டும். சில செயலிகள் மூலம் அனுப்பினால் உள்ளூர்ப் பரிமாற்றம் போலப் பதிவாகும். மாத வருமான வழியில் போகிறவர்களுக்கு இது பெரிய பாதகம். வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்புவதே பாதுகாப்பு.

5. 90 நாளில் 60 நாள் வங்கிக்குச் சொந்தம்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

சென்னைத் துணைத் தூதரகத்துக்கான விண்ணப்பத்தை ஈ-விசா தளத்தில் போட்டு, 'ஓ' விசா வாங்கி விமானம் ஏறுகிறீர்கள். இறங்கிய நாளிலிருந்து 90 நாள். ஒரு வருட நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, 8 லட்சம் பாத் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் முழுதாக இரண்டு மாதம் இருந்திருக்க வேண்டும். ஆக, கணக்குத் தொடங்கிப் பணம் வந்து சேர உங்களுக்கு இருப்பது முதல் 30 நாள்தான். அதிலும் 25 நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எங்களுக்கு நடந்தது இது. முதலில் போன வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்க மறுத்தார்கள். இரண்டாவது கிளையில் இமிகிரேஷன் தரும் வசிப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு போய்க் கணக்குத் தொடங்கியபோது 12 நாள் ஆகியிருந்தது. அன்று இரவே பணம் அனுப்ப உட்கார்ந்தோம். ஓ.டி.பி. வரவில்லை. இந்திய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு வரவில்லை. ரோமிங் வந்தபின், ஆன்லைனில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகை குறைவு, மீதிக்கு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ-2 படிவத்தில் நேரில் கையெழுத்து வேண்டும் என்றது இந்திய வங்கி. படிவம் கூரியரில் போய் வந்தது. கடைசிப் பகுதி பாஸ்புக்கில் ஏறியது 37வது நாள். அதிலிருந்து இரண்டு மாதம் என்றால் 97வது நாள். அனுமதியோ 90வது நாளில் முடிகிறது.

இமிகிரேஷன் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்புக்கில் அந்தக் கடைசி வரிமேல் விரலை வைத்து, பக்கத்தில் இருந்த நாட்காட்டியில் நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு நாள் குறைகிறது, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி மறுபடி விசா எடுத்து வந்தோம்.

அதனால் கிளம்பும் முன்: இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கைப் போட்டு, ஓ.டி.பி. வருகிறதா என்று இறங்கியதுமே சோதியுங்கள். நெட் பேங்கிங்கில் வெளிநாட்டுப் பரிமாற்ற வரம்பை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஏ-2 படிவத்தை என்னென்ன விவரத்தோடு நிரப்ப வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் போட்டதும் முதல் வேலையாக வசிப்பிடச் சான்றிதழ் வாங்குங்கள்.

6. நீட்டிப்புக்குப் போகும் நாள்

அனுமதி முடிய 30 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். முன்கூட்டிப் போனால் நாள் குறையாது, புதிய ஒரு வருடம் பழைய அனுமதி முடியும் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

அன்று காலை வங்கி திறந்ததும் கணக்கில் 100 பாத் போடுங்கள். பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி அச்சாக வேண்டும், அதற்காகத்தான். அதே கையோடு இருப்புக் கடிதம் வாங்குங்கள். பாங்காக்கில் இருப்பவர்கள் சேங் வத்தனாவில் உள்ள அரசு வளாகத்துக்குப் போக வேண்டும். கடிதத்தை முந்தைய நாளே வாங்கினால் ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டால் காலை அவசரம் இருக்காது.

கொண்டுபோக வேண்டியவை: நிரப்பிய டி.எம்.7 (நீட்டிப்பு விண்ணப்பப்) படிவம், 4க்கு 6 சென்டிமீட்டர் போட்டோ, பாஸ்போர்ட்டும் அதன் விவரப் பக்கம், விசா, கடைசி நுழைவு முத்திரை ஆகியவற்றின் நகல்களும், பாஸ்புக்கும் எல்லாப் பக்க நகலும், வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், டி.எம்.30 ரசீது (நீங்கள் குடியிருப்பதை வீட்டுக்காரர் பதிவு செய்ததற்கானது), வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம். எல்லா நகலிலும் நீல மையில் கையெழுத்துப் போடுங்கள். கட்டணம் 1,900 பாத், ரொக்கமாக. இரண்டு செட் நகல் எடுத்துப் போங்கள். இரண்டாம் முறை போனபோது எங்கள் வேலை அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது.

முத்திரை வாங்கியதும் பணத்தை எடுத்துவிடாதீர்கள். அடுத்த மூன்று மாதம் 8 லட்சம் அப்படியே இருக்க வேண்டும். அதன்பின் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம் ஆகியிருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் பாஸ்புக் காட்டிக்கொடுக்கும். நாங்கள் அந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறோம், ஏ.டி.எம். அட்டையும் அதற்கு மட்டும்தான்.

7. தங்கியிருக்கும்போது

வீட்டுக்காரர் நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்தில் டி.எம்.30 பதிவு செய்ய வேண்டும். அது அவர் பொறுப்பு. ஆனால் ரசீது இல்லையென்றால் அலுவலகத்தில் நிற்பது நீங்கள். ஒப்பந்தம் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும், படிவம் டி.எம்.47. கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை செய்யலாம், கட்டணம் இல்லை. தவறினால் 2,000 பாத் அபராதம். நாட்டை விட்டுப் போய் வந்தால் 90 நாள் புதிதாகத் தொடங்கும். இந்த அறிக்கை விசா நீட்டிப்பு அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு அனுமதித் தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. அனுமதி தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாத்.

இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. நண்பரின் கடையில் கல்லாவில் உட்கார்வதும் வேலைதான். வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ இருந்தால் தாய்லாந்து வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவர் ஆவீர்கள். 2024 முதல், வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக்கு உட்படலாம் என்பதால் ஆடிட்டரிடம் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

8. ஊருக்குக் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி

ஒரு வருட நீட்டிப்பு இருக்கிறது என்று நம்பி அப்படியே விமானம் ஏறினால், நாட்டை விட்டு வெளியேறும் கணத்தில் அந்த நீட்டிப்பு செத்துவிடும். மறுபடி உள்ளே வருவதற்கான ரீ-என்ட்ரி அனுமதி வாங்கியிருந்தால்தான் உயிரோடு இருக்கும். ஒரு முறைக்கு 1,000 பாத், பல முறைக்கு 3,800 பாத்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு மதுரையிலிருந்து நள்ளிரவில் போன் வந்தது, அம்மாவுக்கு முடியவில்லை என்று. கையில் கிடைத்த துணியோடு ஓடினார். பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பி வந்தபோது சுற்றுலாப் பயணியாகத்தான் உள்ளே விட்டார்கள். துக்கத்தோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். நம் வயதில் எல்லாருக்கும் ஊரில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். நீட்டிப்பு வாங்கும் அன்றே, அதே கட்டடத்தில், பல முறைக்கான அனுமதியையும் வாங்கிவிடுங்கள். விட்டுப்போனால் சுவர்ணபூமி விமான நிலையத்திலும், பாஸ்போர்ட் சோதனைக்குப் போகும் முன், ரீ-என்ட்ரி கவுண்டரில் எடுக்கலாம்.

திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம், இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

9. கணவனோ மனைவியோ ஐம்பதுக்குக் கீழே இருந்தால்

எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. அதனால் கணவரைச் சார்ந்தவளாகத்தான் இருக்கிறேன். இதற்கு வயது வரம்பு இல்லை, தனியாக 8 லட்சமும் தேவையில்லை. திருமணச் சான்றிதழ்தான் முக்கியம். கோயிலில் கொடுத்த ரசீதோ கல்யாணப் பத்திரிகையோ செல்லாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதை வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் வாங்கி, தாய்லாந்துத் தூதரகத்தில் உறுதி செய்து, பாங்காக்கில் தாய் மொழிக்கு மாற்றி, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலும் முத்திரை வாங்க வேண்டும். இந்தியாவில் செய்ய வேண்டிய பகுதிக்கே இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

மனதுக்குக் கஷ்டமான விஷயம்தான், ஆனால் சொல்லாமல் விட முடியாது. விசாவுக்கு உரியவர் இறந்துவிட்டால் சார்ந்தவரின் அனுமதியும் போய்விடும். அவர் பெயரில் மட்டும் உள்ள அந்த 8 லட்சம் பாத்தை எடுக்கத் தாய்லாந்து நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அங்குள்ள பணத்துக்கென்று தனியாக ஒரு உயிலைத் தாய் மொழியில் எழுதி வையுங்கள். என் கணவர் நீட்டிப்பு வாங்கிய மறுவாரமே வக்கீலிடம் போய் எழுதினார். எனக்கு ஐம்பது முடிந்ததும் என் பெயரில் தனி விண்ணப்பம் போடுவதாக இருக்கிறோம்.

10. இந்தியாவில் விட்டுவந்த வேலைகள்

அரசுப் பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும், 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். அதற்கான ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி இங்கிருந்தே முடிக்கலாம், அல்லது பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கலாம். ஆதாரில் இணைத்த கைப்பேசி எண் உயிரோடு இருக்க வேண்டும், அதனால் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை ஊரில் உள்ள யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். எங்களுக்கு என் தம்பி செய்கிறான், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி.